கேள்வி கேட்காத திரை

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் இரண்டு விரலால்தான் டைப் அடிக்கிறார், சார். பரவாயில்லை, நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். எனக்கும் எதையும் இரண்டு முறை சரிபார்த்தால்தான் நிம்மதி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

சமயநல்லூர் பக்கம் அந்த மாட்டுத் தீவன மில்லில் எனக்கு வேலை. மாலையில் திருநகரில் புரோகிராமிங் வகுப்பு. மில்லில் ஓடியது, நான் பிறப்பதற்கு முன்பே கோபோல் மொழியில் எழுதிய புரோகிராம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. புரதத்துக்காகத் தீவனத்தில் சேர்க்கும் யூரியா ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ என்பதற்கு அதில் மூன்றே கட்டம். கடைசிக் கட்டம் புள்ளிக்குப் பின்னால் வரும் எண். ஒன்பதரை கிலோ என்றால் 095. புள்ளியை யாரும் அடிப்பதில்லை. அளவு கூடினால் மாடு செத்துப்போகும். இது மில்லைக் கூட்டுகிறவருக்கும் தெரியும்.

பல வருஷமாக அளவு அடித்துவந்த ஜெயபாண்டி அண்ணன் அந்தத் திரையைப் பார்க்காமலே அடிப்பார். அதைத் திறமை என்று மில்லே நம்பியது. செக்கு மாடும் பாதையைப் பார்க்காமல்தான் சுற்றுகிறது.

முதலாளி எல்லாம் போனில் வேண்டும் என்றார். பழைய புரோகிராமைத் தொடாமல், அதற்கு முன்னால் நிற்கும் புதியது ஒன்றை எழுதினேன். போனில் அடிக்கலாம், எக்செல்லில் அனுப்பலாம், புள்ளி வைத்தும் எழுதலாம், வைக்காமலும் எழுதலாம். 9.5 என்றால் ஒன்பதரை, 95 என்றால் தொண்ணூற்றைந்து. பழையதற்குப் புரியும்படி மாற்றி அது உள்ளே அனுப்பும். இயந்திரம் அந்த அளவைத் தானாகவே கொட்டிவிடும்.

வகுப்பெடுக்கும் இஷ்ரத் மேடம், "எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கணும்ப்பா, சந்தேகம் வந்தா கேக்கணும்" என்பார். கேட்க வைத்தேன்.

முதலாளி முன்னால் செய்துகாட்டிய அன்று, ஜெயபாண்டி கைப்பழக்கத்தில் 095 என்றே அடித்தார். திரை நின்று கேட்டது: 95 கிலோவா, 9.5 கிலோவா?

"என்ன மாப்ள, இம்புட்டுக் கேள்வி கேக்குது? பொண்ணு பாக்க வந்திருக்கா?"

மில்லே சிரித்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், என் பக்கம் திரும்பினார். "அழகுராஜா, அண்ணன் வேலைய மறிக்காமப் பாத்துக்கப்பா."

நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை. மறுநாள் காலை அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். அவர்கள் கேட்டதைத்தான் செய்தேன்.

ஜெயபாண்டி 095 அடித்தார். நான் பின்னால்தான் நின்றிருந்தேன். திரை ஒன்றும் கேட்கவில்லை. "இப்பத்தான்டா இது உருப்பட்டிருக்கு" என்று என் தோளில் தட்டினார். மூட்டைகள் சோழவந்தான் லாரியில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் 95 கிலோ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அத்தனை பேரில் ஒருவர் அதைப் படித்திருந்தாலும் லாரியை நிறுத்தியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து, சீனியம்மாள் என்கிற அம்மா மில் வாசலில் வந்து மூன்று கயிறுகளைப் போட்டார். "மூணு பசுவும் போச்சுய்யா. கண்ணுக்குட்டி மட்டும் கத்திக்கிட்டுக் கெடக்கு. அதுக்கு எவன்யா பால் குடுப்பான்?" அவருக்குப் பின்னால் இன்னும் பலர் கயிறுகளோடு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஜெயபாண்டி என்னிடம் வந்தார். மாப்ள என்று கூப்பிடவில்லை.

"தம்பி, நான் எப்பவும் போலத்தானய்யா அடிச்சேன். எங்கிட்டயா தப்பு?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "நீங்க புள்ளி வைக்கலண்ணே" என்றேன். அது பொய்யில்லை.

மறுநாள் அவர் வீட்டுக் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். துக்கத்துக்குப் போனேன். நான் கொண்டுபோன மாலைதான் பெரியது.

இதை நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, சார். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் மென்பொருளில் ஏற்பட்ட கோளாறு என்று நீங்கள் அறிக்கை எழுதிவிட்டீர்கள். பேப்பரிலும் வந்துவிட்டது. இஷ்ரத் மேடம் அதை வகுப்பில் வாசித்து, "ஒழுங்கா சோதிக்காம விட்டா இப்படித்தான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் சோதித்தேன். 095 அடித்தால் 95 போகும் என்று எனக்குத் தெரியும். கேள்வியை எடுத்தபோது தெரியும். லாரி கிளம்பியபோது தெரியும். ஜெயபாண்டிக்குப் பதில் சொன்னபோதும் தெரியும்.

கோளாறு என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள், சார். என் புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை.