காற்றைப் பார்த்துப் போட்ட நாற்காலி

எனக்குக் காற்று பிடிக்கும். கிணத்துக்கடவில் பிறந்தவனுக்குக் காற்று பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று ஆனியிலும் ஆடியிலும் எங்கள் தோப்பில் மட்டைகளைப் பிய்த்து மாட்டுக் கொட்டகைமேல் எறியும். எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் காற்று நேராக வந்து முகத்தில் மோதும். "காத்துக்கு நேரா மட்டும் உட்காராதீங்க" என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். நான் உட்கார்ந்தேன். நான் செய்தது மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் என் மகள் ஒப்புக்கொள்ள மாட்டாள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

என் பெயர் சென்னியப்பன். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. எனக்குப் பார்க்கின்சன் நோய். சும்மா இருக்கும்போதே வலது கைப் பெருவிரல் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும், அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு நடை குறுகியது. பிறகு முகம் இறுகியது. சிரித்தாலும் சினந்தாலும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி ஒரே முகம். இதெல்லாம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கண் சிமிட்டுவதும் குறைந்துபோகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சிமிட்டாத கண் காய்ந்துவிடுகிறது. மணல் விழுந்தது போல் உறுத்தும். சீயக்காய் இறங்கியது போல் எரியும். அப்புறம்தான் வேடிக்கை. எரிச்சல் தாங்காமல் கண் தானாகவே தண்ணீரைக் கொட்டத் தொடங்கும். வாய்க்கால் உடைந்தது போல் கொட்டும். அந்தத் தண்ணீரால் கண்ணுக்கு ஒரு பிரயோசனமும் கிடையாதாம்.

இதை டாக்டர் எனக்கு நிதானமாக விளக்கினார். அப்போது புவனா மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள். வந்ததும் அவளிடம் சொல்லியிருக்கலாம். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

புவனா என் ஒரே மகள். கல்யாணமாகி இரண்டாம் வருடமே மாப்பிள்ளை பைக் விபத்தில் போய்விட்டார். அவள் திரும்பி வந்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தாள். எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து போடுவது அவள்தான். என் கையால் போட்டால் ஒரு சொட்டு மூக்கில், ஒரு சொட்டு மீசையில் விழும். காலையில் போடுவாள். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஸ்கூட்டரில் பறந்து வந்து போடுவாள். ராத்திரி வெந்நீரில் நனைத்த துணியை இமைமேல் ஒற்றிவிட்டுப் போடுவாள். "சிமிட்டுங்கப்பா. இன்னொருக்கா. நல்லா அழுத்திச் சிமிட்டுங்க" என்பாள். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல்.

இனி தம்பிதுரையின் சாவைச் சொல்ல வேண்டும். அவன் என் பங்காளி. எங்கள் வேலிக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டவன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, வியர்க்குமே என்று ஒரு புண்ணியவான் ஸ்டாண்டு ஃபேனை என் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாக ஊற்றியது. முகம் அசையவில்லை. விம்மல் இல்லை. அப்படி அழுகிறவனைப் பார்த்தால் கல்லும் கரையும் போலிருக்கிறது. தம்பிதுரையின் சம்சாரம் என் காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பாருங்க, பங்காளின்னா இப்புடி இருக்கோணும். மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கியிருக்காரு மனுசன்" என்றார் ஒருவர்.

நான் அந்த வேலிக்கல்லைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்ததும் அந்தம்மாளே ஆள் விட்டுக் கல்லைப் பழைய இடத்தில் நட்டுக் கொடுத்தாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன சௌகரியங்கள் கிடைத்தன. புவனா ஓட்ஸ் கஞ்சி வைத்தாள்; மருந்து விழுகிற நேரத்தில் இமையை இறுக்கிக்கொண்டு, அது கன்னத்தில் வழிந்ததும் வாசலில் போய் உட்கார்ந்தேன். கஞ்சியைப் பார்த்தபடி கண்ணீர் விட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளாட்டுக் கறி வந்தது. நடைப்பயிற்சிக்கு லீவு கிடைத்தது. தேங்காய் வியாபாரி விலையைக் குறைக்கப் பார்த்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடுங்க, உடுங்க, நீங்க சொன்ன வெலையே இருக்கட்டுமுங்க" என்று எழுந்து போனான். நோய் என்னிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டது. பதிலுக்கு ஏதோ கொடுத்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

தை மாதத்தில் புவனாவுக்குக் கோயமுத்தூரில் ஏதோ டிரெயினிங். அவள் இல்லாத மதியங்களில் எரிச்சல் தாங்காமல் நானே முயன்று பார்த்தேன். மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால் நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். அந்த நேரமாகப் பார்த்து, வாசல் கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கோரம் இருக்கிற பள்ளத்தில் ஒரு சொட்டை விட்டு, மெல்லக் கண்ணைத் திறந்தேன். மருந்து சமர்த்தாக உள்ளே இறங்கியது. மறுநாளும் இறங்கியது. அதிலிருந்து ஒரு பாட்டில் எப்போதும் என் சட்டை ஜோப்பில் இருக்கும்.

புவனாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மதியம் ஓடி வருவதை நிறுத்திவிடுவாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு வெயிலும் காற்றும் படுவது நல்லதுதானே.

சித்திரையில் லட்சுமணசாமி வந்தான். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனும் மனைவியை இழந்தவன். புவனாவுடன் வேலை செய்கிற டீச்சரின் சொந்தக்காரன். ஏதோ விசேஷத்தில் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு புவனா சமையலறையில் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். மருந்து போடும்போது அவள் கை என் நெற்றியில் இருக்கும், கண் ஃபோனில் இருக்கும். ஒரு தடவை மருந்து என் காதுக்குள் போய்விட்டது. விஷயம் முற்றிவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அவனும் அவன் அக்கா கீதாவும் முறையாகப் பேச வந்தார்கள். அன்று காலை மருந்தை நான் உள்ளே விடவில்லை. அவர்கள் கார் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்குச் சம்மதங்களா, மாமா?" என்று லட்சுமணசாமி கேட்டான்.

"ரொம்பச் சந்தோசம் மாப்ள" என்றேன். அசையாத முகத்தில் தண்ணீர் ஓடி மோவாயிலிருந்து சொட்டியது.

யாரும் காப்பியைத் தொடவில்லை. கீதா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "பெரியவருக்கு மனசு ஒப்பலையாட்ட இருக்குது தம்பி" என்றாள். புவனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காரியம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடுகிற கையைப் பிடித்துக்கொண்டான்.

"புவனாவ எங்கியும் கூட்டீட்டுப் போவலீங்க மாமா. நான் இங்க வந்திர்றனுங்க. காலைல பட்டறைக்குப் போயிட்டுப் பொழுதோட ஊட்டுக்கு வந்துருவேன். மருந்து போட எனக்கும் சொல்லிக் குடுங்க, நானும் போடறேன்."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நல்லவர்களோடு வாழ்வது கஷ்டம். அவர்களை மறுக்கக் காரணம் கிடைக்காது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

அவன் வந்துவிட்டால் வீட்டில் இரண்டு பேர் எனக்குப் பணிவிடை செய்வார்கள். கணக்குப்படி எனக்கு லாபம்தான். ஆனால் அவள் பாடுகிற பாட்டு எனக்காகப் பாடுவது அல்ல. மதியம் ஸ்கூட்டரில் வருகிற முகம் என்னைப் பார்க்க வருகிற முகமாக இருக்காது. மருந்து போடுவது ஒரு வேலையாகிவிடும். நோய் கண்ட மனிதன் இதையெல்லாம் யோசிப்பது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆடித் தள்ளுபடியில் முகூர்த்தப் புடவை எடுக்க இருவரும் கோயமுத்தூர் போனார்கள். காலையில் அவள் மருந்து போட்டுவிட்டு, "மத்தியானத்துக்குள்ள வந்தர்றனுங்கப்பா. காத்துல போயி உக்காந்துறாதீங்க" என்றாள். மதியம் ஆயிற்று. உக்கடத்தில் வண்டி நகரவில்லை, தாமதமாகும் என்று ஃபோன் செய்தாள். "மொள்ள வா அம்மணி" என்றேன்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் வேலி ஓரமாகப் போட்டேன். அன்றைய காற்றில் புழுதியும் வைக்கோல் தூசும் கலந்திருந்தன. எதிர்த்தோட்டத்து மாரியாத்தாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவள், "அண்ணா, உள்ள போய் உக்காருங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மேற்கைப் பார்த்தபடி இருந்தேன். முதலில் எரிந்தது. பிறகு தண்ணீர் கொட்டியது. பிறகு தண்ணீரும் நின்றுபோய், கண்ணுக்குள் யாரோ கண்ணாடித் துண்டை வைத்துத் தேய்ப்பது போல் இருந்தது. பாட்டில் ஜோப்பில்தான் இருந்தது. மாத்திரையும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கை அசையாமல் மடியில் கிடந்தது. நான் எடுக்கவில்லை.

பொழுது இறங்கும்போது புவனா புடவைப் பையோடு ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பை கீழே விழுந்தது.

"கருவிழியில புண் விழுந்திருக்குது. மருந்து விட்டுப்போச்சா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"நாந்தானுங்க. நான் போயிருக்கக் கூடாதுங்க. என்ற தப்புங்க" என்றாள் புவனா.

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "உன்ற தப்பில்ல அம்மணி" என்றேன். நூற்றுக்கு நூறு உண்மை. அவள் இன்னும் அதிகமாக அழுதாள். அன்று ராத்திரியே லட்சுமணசாமியைக் கூப்பிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் வாசலில் வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னாள். இடது கண்ணில் மெல்லிய புகை போல் ஒரு தழும்பு நிலைத்துவிட்டது. அதைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆவணி முழுக்க வீடு அமைதியாக இருந்தது. மதியம் தவறாமல் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சமையலறையில் மட்டும் பாட்டு இல்லை.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, "ஆனைமலைக்குப் போயிட்டு வரலாமுங்கப்பா" என்றாள். என் கண்ணுக்காக மாசாணியம்மனிடம் வேண்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். சன்னதியில் கும்பிட்டோம். அப்புறம் அவள் நேராக மிளகாய் அரைக்கிற இடத்துக்குப் போனாள். பொருள் களவு போனவர்களும், பாவிகளிடம் ஏமாந்தவர்களும் அம்மனிடம் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்து, அங்கிருக்கிற நீதிக்கல்லில் பூசுகிற இடம் அது. அவள் உட்கார்ந்து அரைக்கத் தொடங்கினாள். அரைத்ததைக் கொண்டுபோய்ப் பூசினாள். அவள் முகத்தில் ஆத்திரம் எதுவும் இல்லை.

"ஆருக்கு அம்மணி இது?" என்றேன்.

அவள் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கை கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். பிறகு என்னைப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"மாரியாத்தக்கா உங்களைப் புகழ்ந்து தள்ளுனாங்கப்பா. 'கை அந்த நடுக்கம் நடுங்குது, ஆனா அண்ணன் படுத்துக்கிட்டு அவரே எவ்வளவு அழகா மருந்து ஊத்திக்கறாருங்கற? தை மாசத்துல இருந்து பாக்கறனே'ன்னாங்க."

நான் சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டேன்.

"அன்னிக்கு வேலியோரமா உக்காந்திருந்தப்பவும் பாட்டிலு ஜோப்புல இருந்துச்சாமே."

மிளகாய் நெடியில் என் கண் வேலையைத் தொடங்கிவிட்டது. தாரை தாரையாக வழிந்தது. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒரு அம்மாள் புவனாவை முறைக்கக்கூடச் செய்தாள். புவனா அந்தத் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் ஜோப்புக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"போட்டுக்குங்கப்பா."

"இங்கியா? கை ஆடுது அம்மணி."

"மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆச்சுங்க. ஆடாது. சாஞ்சுக்குங்க. கண்ணை மூடிக்குங்க. மூக்கோரத்துல விடுங்க."

போட்டேன். இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு வீணாகாமல் இறங்கியது. கண்ணைத் திறந்தபோது அவள் கொஞ்சம் தள்ளி நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "நாந்தானுங்க, புவனா. இன்னும் கோவமா இருக்கறீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, சிரித்தாள்.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. இந்த முறை அவன் இங்கே வருவதாகப் பேச்சு எழவில்லை. அவள் கணபதிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். எனக்குச் சமைக்க ஒரு அம்மாள் வருகிறாள். மருந்தை நானே போட்டுக்கொள்கிறேன். நான் அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன் என்று கீதா எங்கோ சொல்லித் திரிவதாகக் கேள்வி. எதையாவது தடுத்தேனா? போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னேனா? முகூர்த்தத்தன்று என் கையால்தான் அட்சதை விழுந்தது. கொஞ்சம் சிதறி விழுந்தது, அவ்வளவுதான்.

கண் இப்போது நன்றாகவே இருக்கிறது. போன தடவை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, யார் இவ்வளவு ஒழுங்காக மருந்து போடுகிறார்கள் என்று கேட்டார். புவனாவும் லட்சுமணசாமியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மற்ற நாட்களில் ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மருந்து போட மறந்துவிடுகிறது. இந்த நோயில் மறதியும் சேர்ந்து வருமாம்.