ஓசோன் தேறட்டும்

– இந்த வரைபடத்துல ஓசோன் கோடு ஏறுதா இல்லையா, அத்திலியோ? ஒரே வார்த்தையில சொல்லு.

– ஏறுற மாதிரிதான் இருக்கு, யஸ்னா. ஆனா...

– வந்துடுச்சு பாரு, உன் ஆனா! நாப்பது வருஷத்து அளவு. நாப்பது கிலோமீட்டர் உயரத்துல, பத்து வருஷத்துக்கு ஒண்ணரை சதவீதம் ஏத்தம். இதுல என்ன ஆனா?

– கொஞ்சம் பொறு. இது ஒரே சாட்டிலைட் அளந்ததா? ஒண்ணு செத்ததும் இன்னொண்ணு, அதுவும் செத்ததும் மூணாவதுன்னு ஒட்டுப்போட்ட கோடு. ஒட்டு எங்கே பிசகியிருக்கோ, யாருக்குத் தெரியும்?

– எனக்குத் தெரியும். ஒட்டினவளே நான்தானே! பழசும் புதுசும் சேர்ந்து பறந்த நாள் ஒவ்வொண்ணையும் பக்கத்துல வச்சுப் பார்த்து, கண்ணே பூத்துப்போச்சு எனக்கு.

– சரி, பழைய சாட்டிலைட்டோட பாதை நகர்ந்துச்சே? காலையில அளந்துக்கிட்டிருந்தது மத்தியானத்துக்குப் போயிடுச்சே?

– திருத்தியாச்சு.

– சூரியன்? பதினோரு வருஷத்துக்கு ஒரு தரம் அதுக்கு ஒரு ஆட்டம் வருமே?

– கழிச்சாச்சு. எரிமலைப் புகையையும் கழிச்சாச்சு. இன்னும் யாரைடா கழிக்கணும், உன்னையா?

– சிரிக்காதே. தேறினது மேலடுக்கு மட்டும்தான். கீழடுக்கு அப்படியே கிடக்கு. வசந்தம் வந்தா நம்ம புந்தா அரெனாஸ் ஊர் தலைக்கு மேல ஓசோன் ஓட்டை வந்து நிக்குது.

– பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, ஆபீஸ் மொட்டைமாடியில, காத்து உன் தொப்பியைப் பிடுங்கிட்டுப் போச்சே, அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னே?

– அது வந்து...

– வாயில என்ன, கறி அடைச்ச எம்பனாடாவா? சொல்லு.

– ‘ஓசோன் தேறட்டும், கல்யாணம் பண்ணிக்கலாம்’னேன்.

– எந்த அடுக்குன்னு சொன்னியா?

– இல்லை. விளையாட்டாச் சொன்னது, தாயே! நம்ம ஆயுசுல தேறவே தேறாதுன்னு நினைச்சேன்.

– தெரியும். நான்தான் விளையாட்டா எடுத்துக்கலை. உன் மேல எனக்கு அவ்வளவு ஆசை. எங்கம்மா வருஷா வருஷம் கேட்கிறா, ‘உங்க ஓசோனுக்கு இன்னுமா உடம்பு சரியாகலை?’ன்னு.

– ஐயோ, அவங்க வேற!

– அதனால பேசாம இந்த அறிக்கையில கையெழுத்துப் போடு. ‘மேலடுக்கு தேறிவிட்டது.’ ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அது முடிவு.

– இந்தா, போட்டாச்சு. போதுமா? எனக்குப் பயம் யஸ்னா, அதான் இத்தனை வருஷம் இழுத்தடிச்சேன். நீ ஜெயிச்சுட்டே. டிசம்பர்லயே கல்யாணத்தை வச்சுக்கலாம். முழு ஆட்டைக் கம்பியில கட்டிச் சுடுவோம், ஊரையே கூப்பிடுவோம்.

– அன்னிக்கு நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகமே இல்லை, பார்த்தியா? தேறுற வரைக்கும்தான் காத்திருப்பேன், அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்லைன்னு சொன்னேன். தேறிடுச்சு, அத்திலியோ. வடக்கே வால்டீவியாவுல வேலை கிடைச்சிருக்கு, வியாழக்கிழமை நான் மட்டும் கிளம்புறேன்.