லிஃப்ட் பிரேக் படங்களை மெயில் கோப்பிலிருந்து வெளியே எடுத்தது குறித்து

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தாறு. அதே தாளில் கண்ட விலாசத்தில் கணவர், மகளுடன் குடியிருந்து வருகிறேன். ஆறு மாடி வணிக வளாகம் ஒன்றின் அலுவலகத்தில் கணினிகளையும் மெயில்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. வளாகத்தில் பாதிப் பேர் என்னைப் ‘பாஸ்வேர்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள், மறந்துவிட்டு வந்து நிற்பதெல்லாம் என்னிடம்தான். அந்த அலுவலகத்தின் மேலாளர் என் கூடப்பிறந்த அண்ணன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் தோண்டித் துருவ வேண்டியதில்லை.

சென்ற வாரம் ஒரு காலையில், மூன்றாம் மாடியில் தையற்கூடம் நடத்தும் அம்மா லிஃப்டிலிருந்து வெளியே கால் வைத்தபோது, கதவு திறந்திருக்கையிலேயே லிஃப்ட் கீழே இறங்கிவிட்டது. கால் மாட்டி எலும்பு முறிந்து அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டை தேய்ந்துபோனதே காரணம் என்று சோதனைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு லிஃப்ட் மெக்கானிக்கை விசாரித்ததில், கட்டை தேய்ந்து வருவதைப் படம் எடுத்துப் பலமுறை அலுவலகத்தின் புகார்ப் பெட்டிக்கு மெயிலில் அனுப்பியதாக அவர் சொன்னார். அவர் எழுத்துப் பக்கமே போகாத மனிதர். எதுவானாலும் போனில் படம் எடுத்து, ‘படம் பார்க்கவும்’ என்று மட்டும் போட்டு அனுப்புவார். அந்த அம்மாவைத் தூக்கும் அவசரத்தில் அவருடைய போன் லிஃப்ட் குழியில் விழுந்து தூளாகிவிட்டது.

அவர் அனுப்பியதெல்லாம் எங்கள் பழைய மெயில் சேவையில். அதை அதற்கு முந்தைய மாதமே விட்டுவிட்டோம். அதில் இருந்த மெயில்கள் அனைத்தையும், எதையும் திறக்காமல், ஒரே கோப்பாக மூட்டை கட்டி அலுவலகக் கணினியில் வைத்தது நான். வழக்கம்போல மெயில் பார்ப்பதாக நினைத்து அதைத் திறக்க முடியாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் ஒரு கருவி ஒவ்வொரு மெயிலாகப் பிரித்து, இணைப்புகளை மட்டும் வெளியே எடுத்துப் போடும். போலீசார் கேட்டபோது மகளுக்குக் காய்ச்சல் என்று நான் விடுப்பில் இருந்ததால், அண்ணன் கணக்காளரிடம் அந்த வேலையைக் கொடுத்தார். மெக்கானிக் அனுப்பியதாக வெளியே வந்தது ஒரே ஒரு படம். துடைத்துப் பளிச்சென்று வைத்த லிஃப்ட் கதவு அதில் இருந்தது. ஆகவே அவர் புளுகுகிறார் என்று முடிவாகி, அவரை இந்த நிலையத்துக்கு அழைத்துவந்து உட்கார வைத்தார்கள்.

அதன் பிறகு அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். வழக்கு பதிவானால் உரிமம் போய்விடும், அப்புறம் எந்த லிஃப்டையும் தொட விடமாட்டார்கள் என்று அழுதார். நான் உடனே அலுவலகம் போய்க் கணக்காளர் தட்டிய கட்டளையைத் திரையில் வரவழைத்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. மெக்கானிக்கின் போன் எந்தப் படத்தை அனுப்பினாலும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரே பெயரில் இரண்டாவது படம் வந்தால், என்ன செய்யட்டும் என்று கருவி கேட்கும். கணக்காளர் இந்த நச்சரிப்பு வேண்டாம் என்று, பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும்படி கட்டளையில் சேர்த்துவிட்டார். ஒவ்வொரு படமும் முந்தையதை விழுங்கி, கடைசிப் படம் மட்டும் மிஞ்சியது. இதில் கணக்காளரிடம் சூது ஒன்றும் இல்லை. அவருக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான்.

நான் தனியாக எடுத்தால் நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும் என்பதால் ஆய்வாளருக்குத் தகவல் சொன்னேன். அவர் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். அண்ணனும் கணக்காளரும் உடன் இருந்தார்கள். மெக்கானிக் கதவோரமாகவே நின்று, “நான் அனுப்பினேன்னு நீயாவது நம்புறியாம்மா?” என்று கேட்டார். “நம்புறதெல்லாம் எதுக்கு மாஸ்டர், எடுத்தே பாத்துடலாம்” என்றேன்.

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, பெயர் ஒன்றாக இருந்தால் பின்னால் எண் சேர்த்துக்கொள்ளும்படி கட்டளையை மாற்றி ஓடவிட்டேன். படங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. பிரேக் கட்டையைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட்டிருந்தது. படத்துக்குப் படம் கட்டை மெலிந்துகொண்டே வந்தது, வட்டம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. மெக்கானிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போது உள்ளபடியே பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் இந்த மெயில்களை யாராவது திறந்து பார்த்தார்களா என்று கேட்டார். திறந்த மெயிலின் தலைப்பில் அதற்கான குறி இருக்கும். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் அதையும் தேடும்படி தட்டிவிட்டேன். எல்லா மெயில்களும் திறக்கப்பட்டிருந்தன. அந்தப் புகார்ப் பெட்டியின் பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது என்று ஆய்வாளர் கேட்டார். வளாகத்தில் பாஸ்வேர்டை ஒருமுறைகூட மறக்காத ஆள் என் அண்ணன் ஒருவர்தான். அவரிடம் மட்டும் என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் மெக்கானிக்கை வீட்டுக்குப் போகச் சொன்னார். அண்ணனை நிலையத்துக்கு வரச் சொன்னார். புறப்படும்போது அண்ணன் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, “லிஃப்ட ஒரு நாள் நிறுத்தினா ஆறு மாடிக்காரனும் என் உயிர எடுப்பான். அதான் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டேன். கோப்பு கெட்டுப்போச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“கெட்டுப்போகலையே அண்ணா” என்றேன்.

என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவர். என் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவரும் அவர். தாழ்வாரத்தில் பேசியதை வேறு யாரும் கேட்கவில்லை. இந்த வாக்குமூலத்தில் அதையும் எழுதலாமா என்று ஆய்வாளர் பேனாவை நிறுத்திக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். அதன் பிறகு, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும் என் காதால் கேட்டதும் மட்டுமே. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
மேலாளரின் தங்கை