இன்னும் பழகாத இயர்போன்

ஏற்கனவே யாரோ குடியிருந்துட்டுக் காலி பண்ணின வீடு மாதிரி இருக்கு இது, என் காதுல ஒட்டவே மாட்டேங்குது, போய் மாத்திட்டு வா. எங்க வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொல்றேன் தம்பி, ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. காலைல ஷேவ் பண்ணிக்கிட்டே, பாதி மொகம் சோப்போட சொன்னது. அதுக்கு நான் ஒண்ணு சொல்ல, அவர் ஒண்ணு சொல்ல, கடைசில நானும் வர்றேன், நானே கேக்குறேன்னு கிளம்பிட்டார். இப்ப வெளில வண்டிக்கு எடம் தேடிக்கிட்டு இருக்கார். அவர் எடம் தேடினா லேசுல வரமாட்டார். நிழல் வேணும், தரை சாயக் கூடாது, பக்கத்துல லாரி நிக்கக் கூடாது. அதுக்குள்ள நாம பேசி முடிச்சுடலாம்.

ஆமா, அதே அம்மாதான். மூணாவது தடவைதான். மொகத்தைச் சுளிக்காதீங்க, பில்லு கையில இருக்கு.

போட்டுப் பாருங்க, தாராளமா பாருங்க. ரெண்டு பக்கமும் கேக்கும். வயர் நல்லா இருக்கு, பட்டன் நல்லா இருக்கு. பழுதுன்னு நான் சொல்லவே இல்லையே. ஒட்டலன்னுதான் சொன்னேன், அதுவும் அவர் சொன்னதைச் சொன்னேன். அந்தச் சின்ன கவரை எதுக்குப் பிரிக்கிறீங்க, அதுல ஒண்ணும் இல்ல. மொதல்ல இருந்துச்சா இல்லையான்னு என்னைக் கேட்டா? அதை அப்புறம் பேசலாம்.

இதை வாங்கினது என்ன, சும்மாவா வாங்கினார்? பொண்ணு பாக்க வந்தப்போ என்னைப் பத்திக் கூட இவ்ளோ விசாரிக்கல. குறைஞ்ச விலைக்கு நல்லதா ஒண்ணு வேணும். அதிக விலை குடுத்து நல்லது வாங்குறது யாரு வேணா செய்யலாமாம், அதுல என்ன சாமர்த்தியம்ங்கறார். தெனமும் சாப்பிடறப்போ ஃபோனை டம்ளர்ல சாச்சு வச்சு ஊரான் எழுதினதையெல்லாம் படிச்சார். ஒருத்தன் இதோட சத்தம் வெதுவெதுப்பா இருக்குங்கறான். இன்னொருத்தன் வெளிச்சமா இருக்குங்கறான். காதுல மாட்டுறதா, அடுப்பா, ஜன்னலான்னு கேட்டேன். உனக்குப் புரியாதுன்னுட்டார். அந்த பேஸ் இந்த ட்ரெபிள்னு அத்தனையும் படிச்ச மனுஷன், முனையில மாட்டுற ரப்பரைப் பத்தி ஒரு வரி படிச்சிருக்க மாட்டார். பெரிய விஷயத்துலயே கண்ணு. எப்பவும் அப்படித்தான்.

அவருக்கு உத்தியோகம், எடை போடுற மெஷின் சரியா இருக்கான்னு சோதிச்சு முத்திரை வைக்கிறது. புது மெஷின் பொய் சொல்லுமாம். நாலு மூட்டை ஏத்தி எறக்கி, ஸ்பிரிங் கொஞ்சம் அலுத்துப் போனப்புறம்தான் உண்மை பேசுமாம். அது ஆபீஸ்ல இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்துருச்சு. எங்க வீட்டுல எந்தப் புதுப் பொருளையும் பழக்காம யாரும் தொடக் கூடாது. பழக்குறது யாரு? வேற யாரு.

சிரிக்காதீங்க. அவரோட செருப்பை ஒரு வாரம் நான் போட்டு நடந்து குடுக்கணும். என் கால் உள்ள பாதி தூரம்தான் போகும், மீதி படகு மாதிரி பின்னால இழுத்துக்கிட்டு வரும். என் மாமியாரோட புதுக் கண்ணாடிய நான் மூக்குல மாட்டிக்கிட்டு, மாடிப்படி எங்கன்னு தெரியாம சுவரைப் பிடிச்சு எறங்கியிருக்கேன். எம் பொண்ணு இறுக்கமா ஒரு ஜீன்ஸ் வாங்கினா. என் இடுப்புக்கு அது ஏறுமா? கையில மாட்டிக்கோங்கன்னா. ரெண்டு கையிலயும் ரெண்டு காலை மாட்டிக்கிட்டு அன்னைக்குத் துணி மடிச்சேன். புது மெத்தை வந்தா அவர் பக்கம் ரெண்டு நாள், என் பக்கம் ரெண்டு நாள் நான் மட்டும் படுத்து அமுக்கணும், அவர் கூடத்துல படுத்துக்குவார். மாமியாருக்குப் பல்செட் வந்தப்போ மட்டும் முடியாதுன்னுட்டேன். அந்தம்மா எங்கிட்ட ஒரு மாசம் பேசல. பல்லு இல்லாததால பேசலையா, கோவத்துல பேசலையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இப்ப வெளிய பேர் பரவிடுச்சு வேற. மேல் வீட்டு ட்யூஷன் டீச்சர் புது ஷூவோட வந்து நிக்கிறா. அக்கா, நீங்க நல்லாப் பழக்கிக் குடுப்பீங்களாமே, ரெண்டு நாளைக்குப் போதும்ங்கறா.

அதான் சொல்றேன், இயர்போன் வந்தவுடனே பெட்டிய எங்கிட்ட குடுத்துட்டார். முத்திரை உடைக்கிறது, பிரிக்கிறது எல்லாம் நாந்தான், அவர் தொட மாட்டார். உள்ள ஒரு ஜவ்வு இருக்காம், அது வெறைப்பா இருக்குமாம், இளகுற வரைக்கும் சத்தம் ஓட்டணுமாம். எங்கயோ படிச்சு, ஒரு சத்தத்தை ஃபோன்ல ஏத்திக் குடுத்தார். பாட்டு இல்ல தம்பி. இரைச்சல். மழை பெய்யாம மழைச் சத்தம் மட்டும் வந்தா எப்படி இருக்கும், அது. காலைல எழுந்ததுலேருந்து படுக்கப் போற வரைக்கும் காதுல இருக்கணும், நடுவுல எடுக்கக் கூடாது, எடுத்தா ஜவ்வு பழைய கதைக்குத் திரும்பிடும்.

என்னது?

மறுபடி சொல்லுங்க. காதுல மாட்டவே வேண்டியதில்லையா? ஓட விட்டு டிராயர்ல போட்டு வச்சா போதுமா? அவர் படிச்சதுலயும் அப்படித்தான் எழுதியிருந்துச்சு, நானே பாத்தேன். ஒரு டிராயர்ல வைக்கவும்னு தெளிவா போட்டிருந்தான். எங்க வீட்டு டிராயர் நாந்தான் தம்பி.

சரி, கேளுங்க. மொத நாள் எரிச்சலா இருந்துச்சு. காதுக்குள்ள ரெண்டு கடலை போட்டு அடைச்ச மாதிரி. இடது காதுல நிக்குது, வலது காதுல வழுக்குது, எனக்கு ரெண்டு காதும் ஒரே அளவு இல்லங்கறது இத்தனை வயசுக்கு மேல தெரிஞ்சுது. பாத்திரம் தேய்க்கிறேன், கரண்டி விழுது, சத்தமே இல்ல. மாமியார் வாயைத் திறந்து திறந்து மூடுறாங்க, மீன் தொட்டி பாக்குற மாதிரி இருக்கு. என்னன்னு கேக்க நான் காதுல கை வச்சேன். உடனே அவர் ஓடி வந்து, அம்மா, அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவ பழக்கிக்கிட்டு இருக்கான்னார்.

எனக்கு வாயசைப்பும் கையசைப்பும்தான் தெரிஞ்சுது. ஆனா புரிஞ்சுது. இத்தனை வருஷத்துல அந்த வீட்டுல என்னைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு ஒருத்தர் சொல்லி நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? மாமியார் எழுந்து போய் அவங்களே ஃபேனைப் போட்டாங்க. முட்டி வலின்னு நாலு வருஷமா அந்த ஸ்விட்சுக்கு நாந்தான் போவேன். எம் பொண்ணு சாக்ஸ் எங்கன்னு வந்து என் மூஞ்சிக்கு நேரா வாயை அசைச்சா, நான் தலையை ஆட்டினேன், அவளே போய்த் தேடினா, கெடச்சுது, அவளுக்கே ஆச்சரியம். அவர் டீ போட்டார். சக்கரை எங்க இருக்குன்னு விரலைத் தேச்சுக் காட்டினார். நான் காசு கேக்கறார்னு நெனச்ச மாதிரி பர்ஸை எடுத்து நீட்டினேன். அவரே டப்பா டப்பாவா திறந்து கண்டுபிடிச்சார். உப்பு டப்பா எதுன்னும் அன்னைக்குக் கத்துக்கிட்டார், ஒரு வாய் குடிச்சப்புறம்.

நான் ஜன்னல் ஓரமா உக்காந்து துணி மடிச்சேன் தம்பி. காதுல அந்த இரைச்சல் ஓடுது. நீங்க கேட்டுப் பாத்திருக்கீங்களா அதை? ஒண்ணுமே இருக்காது அதுல. ஆனா அதுல ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. சட்டை எங்க, சாவி எங்க, இன்னைக்கு என்ன, ஏன் இன்னும் ஆகல, எதுவும் கெடையாது. வாரம் முடிஞ்சப்போ நல்லா இளகிடுச்சுன்னு அவர் வாங்கிக்கிட்டார். காதுல வச்சார். விழுந்துச்சு. அழுத்தி வச்சார். விழுந்துச்சு. மாத்திட்டு வான்னார்.

புதுசு வந்தா மறுபடி பழக்கணும் இல்லையா. பழக்கினேன். அதுவும் அவர் காதுல நிக்கல. அப்புறம் இது. இதுவும் நிக்கல. உங்க மூஞ்சியப் பாத்தா, இதை என் துரதிர்ஷ்டம்னு நெனைக்கிற மாதிரி தெரியல.

சரி தம்பி, கவரைக் கீழ வைங்க, நானே எடுத்துக் காட்டுறேன். இந்தாங்க. இந்த ஹேண்ட்பேக் ஓரத்துல, மாத்திரை டப்பாக்குள்ள. மூணு பெட்டியிலயும் அந்தக் கவர்ல வந்த பெரிய ரப்பர் அத்தனையும் இதுல இருக்கு. அவருக்கு யானைக் காது, இதுதான் பொருந்தும். சின்னதை மாட்டிக் குடுத்தா எங்கேந்து நிக்கும்? நான் பொய் சொல்லல. ரப்பர் எங்கன்னு அவர் கேக்கவே இல்லையே. ரப்பர்னு ஒண்ணு இருக்குறதே அவருக்குத் தெரியாது. கான்வென்ட்ல படிச்சவ நான், கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பொய் சொன்னா காது செவந்து என்னைக் காட்டிக் குடுத்துடும், சின்ன வயசுலேருந்தே அப்படி. சிஸ்டர் என் மொகத்தைப் பாக்க மாட்டாங்க, ரிப்பனை விலக்கிக் காதைத்தான் பாப்பாங்க.

இப்ப பிரச்சினை என்னன்னா, அவருக்கு அலுத்துப் போச்சு. இந்தத் தடவை மாத்துறதுன்னா இன்னொரு இயர்போன் இல்லையாம், இதைக் குடுத்துட்டு ஒரு ஸ்பீக்கர் வாங்கப் போறாராம். அந்தக் கறுப்பு உருண்டை, அதோ மேல் தட்டுல. அதைக் கூடத்துல வச்சுத்தான் பழக்கணுமாம், என் காதுல வேண்டாமாம். உனக்கு ரொம்ப கஷ்டம் குடுத்துட்டேன், இனிமே இந்த வேலை உனக்கு வேண்டாம்னு காலைல சொன்னார். உண்மையா பாவப்பட்டுத்தான் சொன்னார். அதுக்குத்தான் சண்டை. மனுஷன் பாவப்படறார், நான் கத்துறேன், மாமியார் ரெண்டு பேரையும் பாக்குறாங்க.

அதனால நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். பொருள்ல கோளாறு இல்ல சார், இந்த மாடல் ஜவ்வு கொஞ்சம் கெட்டி, ஒரு வாரத்துல பழகாது, குறைஞ்சது ஒரு வருஷம் ஆகும். அவசரப்படாதீங்க, வீட்டுல ஆளு நல்லாப் பழக்குறாங்க, விட்டுடாதீங்கன்னு சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டார், கடைக்காரர் விக்கிறதுக்கு ஸ்பீக்கர் இருந்தும் வேண்டாம்னு சொன்னா நம்புவார். எங்கிட்ட சொல்லச் சொல்லாதீங்க. நான் சொன்னா காது செவந்துடும்.

அதோ, கதவுக்கு வெளிய நின்னு செருப்புத் தூசியத் தட்டுறார் பாருங்க. அந்தச் செருப்பும் நான் பழக்கினதுதான். டப்பாவைக் குடுங்க, உள்ள வச்சிடறேன்.

வாங்க. எடம் கெடச்சுதா? நிழல்லயா? நல்லது. இந்தத் தம்பி நம்ம இயர்போனைப் பத்தி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு சொல்லிக்கிட்டு இருந்தார். என் காதை எதுக்குப் பாக்குறீங்க, அவரைப் பாருங்க.

சொல்லுங்க தம்பி.

தம்பி, அவர்கிட்ட சொல்லுங்களேன்.