கமா சாரின் பிரிவு உபசார விழா

பாராட்டு மடல் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. நகரசபை அலுவலகத்திலிருந்து பத்தாண்டுகளாக விடைபெற்றுப் போன எல்லோருக்கும் நான்தான் எழுதினேன். நேர்மை, கடமை, தன்னலமின்மை என்ற மூன்று சொல்லை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டால் ஆளுக்கொன்று தேறிவிடும். எங்கள் சட்ட ஆலோசகருக்கு எழுதியபோதுதான் ஒரு வரிகூடப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவருக்குக் கீழே பத்தொன்பது வருடம் துணை ஆலோசகராக இருந்தேன். அலுவலகத்தில் அவர் பெயர் கமா சார். ஆணையரின் கடிதமே ஆனாலும் ஒரு கமாவைச் சேர்த்துத்தான் திருப்பித் தருவார். கணினியை நம்ப மாட்டார். கையால் எழுதி, கையெழுத்திட்டு என்னிடம் கொடுப்பார். நான் ஆணையரிடம் சேர்ப்பேன். நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "நீ இருக்கும்போது நகல் எதுக்கு தம்பி?" என்பார்.

போன வருடம் சந்தைக் கட்டடம் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். தூண்கள் விரிசல் விட்டுவிட்டன, மாடிக் கடைகளை மூன்று நாளில் காலி செய்து பூட்ட வேண்டும் என்று. பூட்டினால் கடைக்காரர்கள் ஆணையரின் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முந்தின நாள்தான் ஆணையர் நடைவழியில் என்னை நிறுத்தி, "உங்க பெரியவர் கொஞ்ச நாள் சும்மா இருக்க மாட்டாரா? அடுத்த ஆலோசகர் நீங்கதானே, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். இரண்டு பக்கத்தையும் என் மேசை இழுப்பறையில் வைத்தேன். தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் மாடி இடிந்து விழுந்தது. ஏழு பேர்.

அன்று மாலை கமா சார் என் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்த ரெண்டு பக்கத்தை ஆணையர்கிட்ட என்னைக்குக் கொடுத்தே?"

"எந்த ரெண்டு பக்கம் சார்?"

"சந்தைக் கட்டடம். எழுதிக் கொடுத்தேனே."

"எழுதணும்னு சொன்னீங்க சார். எழுதலை."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். என்மேல் சந்தேகப்பட்டிருந்தால் அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் தன்மேல் சந்தேகப்பட்டார்.

பிறகு செய்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முட்டுக்கொடுக்கத்தான். அவருடைய நாட்குறிப்பில் வழக்குத் தேதிகளை ஒன்றிரண்டு மாற்றினேன். அவர் மேசைமேல் வைத்த கோப்புகளை அலமாரிக்குள் வைத்தேன். அவர் மனைவியிடம், "அக்கா, சார் கொஞ்ச நாளா மறக்கிறார். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். "நல்லவேளை, நீங்களாவது சொன்னீங்க தம்பி" என்று அழுதார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை ஆரம்பித்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் போட்ட கமாக்கள் கீறல்களாகிவிட்டன.

விசாரணையில், எழுத மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே பதவி விலகினார். நல்லபடியாக ஒரு விழா வைத்து அனுப்பிவிடுவோம் என்றார் ஆணையர். நாற்காலி போட்டதிலிருந்து மாலை வாங்கியது வரை நானேதான் ஓடியாடிச் செய்தேன்.

ஏற்புரையில் அவர் நன்றி சொல்லவில்லை. இறந்துபோன ஏழு பேரின் பெயரையும் வயதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கையில் தாள் இல்லை. கடைசிப் பெயருக்கு வயது நான்கு. மறதிக்காரர் என்று நாங்கள் வழியனுப்பிய மனிதர் ஒன்றைக்கூட விடவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கி, "என் குறையை வெளியே தெரியாம இத்தனை நாள் மூடிக் காப்பாத்தினது இவன்தான்" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் அழுதேன். அது நடிப்பில்லை.

அவருடைய அறைக்கு நான் மாறியபோது என் பழைய மேசையைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். போன வாரம் அங்கே யாரோ இழுப்பறையைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தை எடுத்திருக்கிறார்கள். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள், ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். அவர் கைப்பட எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அளவுக்கு மரியாதை வைத்திருந்தேன்.

நேற்று நீங்கள் அதை அவர் வீட்டுக்கே எடுத்துப் போய்க் காட்டினீர்களாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நான் எழுதினதில்லை. நான்தான் மறந்துட்டேனே. என் தம்பிமேல பழி போட யாரோ என் கையெழுத்தைப் போட்டிருக்காங்க" என்றாராம்.

அது அவர் எழுதியதுதான், ஐயா. மறைத்தது நான். அவர் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாவம், அவருக்கு ஞாபகம் சரியில்லை.