பேய்க்கதைக்குள் இருந்தவள்

தி. நகரிலிருந்து அடையாறு போகும் பேருந்தில், ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையோடு இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து படிச்ச பேய்க்கதைல நான் கீறேன்டி" என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா சொல்ற?"

"புருஷன் செத்தப்புறமும் கதைல வர்ற அந்தம்மா தெனமும் ரெண்டு டம்ளர் காபி போடுது. நானும் அப்படித்தான் போடுறேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கா எழுதுனது?"

"கேள்விப்படாத பேரு. என் வூட்டுக்குள்ள வந்து பாத்துட்டு எழுதுன மாதிரி கீது. லைப்ரரில அவங்க எழுதுன வேற புக்கு இல்ல. பக்கத்துல இன்னொரு புதுப் பேரு இருந்துச்சு, எடுத்துகினு வந்துட்டேன். செவ்வாய் கிரகத்துக் கதையாம்."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். திறக்கவில்லை.

"இதுலயும் நான் இருப்பேனோன்னு பயமா கீதுடி."