கருவிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழி

என் பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவற்றை இந்தத் தாளின் தலைப்பில் உள்ள கட்டங்களில் நிரப்பியுள்ளேன். வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுவதாக இருந்தது. நான் மூச்சுவிடாமல் பேசுவதாகச் சொல்லி அவர் பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டதால், காவல் ஆய்வாளர் அனுமதியுடன், அம்மா பக்கத்தில் அமர்ந்திருக்க, இதை என் கைப்பட எழுதுகிறேன்.

பள்ளி மாணவர்களுக்கான அகழாய்வுப் பயிற்சி முகாமில் நான் சேர்ந்து இன்றுடன் பத்து நாள் ஆகிறது. எல்லாரிலும் சிறியவள் என்பதால் என்னைக் குழிக்குள் இறக்காமல் பானை ஓடு கழுவ வைத்தார்கள். அதிலும் எனக்குக் குறையில்லை. ஓர் ஓட்டின் வெளிப்பக்கம் ஏதோ பொங்கி வழிந்து கரிந்த தடம் இருந்தது. அடுப்பைக் கவனிக்காமல் விட்டதற்கு அன்று அந்த வீட்டில் யார் திட்டு வாங்கியிருப்பார் என்று நினைத்து அதை மூன்று முறை கழுவினேன். ஆனால் வரும் புதன்கிழமை ஒரு தேர்வு என்றும், சிறு குழி ஒன்றைச் சதுரம் பிசகாமல், சுவர் செங்குத்தாக நிற்கும்படி வெட்டிக் காட்டுபவருக்குப் பெரிய குழியில் இடம் உண்டு என்றும் அறிவித்தார்கள். அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு விடுமுறை. அன்று காலை ஒன்பது மணிக்கு நான் தனியாக அங்கே சென்றேன். வாசலில் காவலாளி இருந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லாரும் அவரை விசில் மாமா என்போம். கருவிக் கொட்டகைக்குப் பின்னால் நான் நான்கு ஆணி அடித்துக் கயிறு கட்டுவதைப் பார்த்து, "என்ன புரொபசரம்மா, எலிக்கு வீடு கட்டுறியா?" என்று கேட்டார். தேர்வுக்குப் பழகுகிறேன் என்றேன். அவர்தான் தன் அறையிலிருந்து சிறிய மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். முழங்கையளவு சதுரம், முழங்காலளவு ஆழம் வெட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. எதுவும் கிடைக்கவில்லை. அதன் பிறகு குழியை மூடினேன்.

மூடும்முன் ஒன்று செய்தேன். தோண்டிய குழியை மூடும்போது அடியில் நம் காலத்துப் பொருள் ஒன்றைத் தேதி எழுதி வைக்க வேண்டும், அப்போதுதான் பின்னால் தோண்டுபவருக்கு அது ஏற்கெனவே கலைந்த மண் என்று தெரியும் என்று பயிற்சி தரும் அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். அதன்படி அண்ணனின் காலியான இருமல் மருந்துப் புட்டிக்குள் ஒரு சீட்டு எழுதிப் போட்டு வைத்தேன். அதன் பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா" என்றேன். "தோண்டுறது நீ, மூடி மறைக்கிறது நானா? சரி போ, வாயே தொறக்கல" என்றார்.

திங்களன்று பெய்த மழையில் நிரப்பிய மண் சதுரமாக உள்வாங்கிவிட்டது. அதைக் கண்ட முகாம் இயக்குநர், யாரோ பழம்பொருளைத் தோண்டி எடுத்துவிட்டதாக இன்று காலை புகார் கொடுத்தார். காவலாளி அறையில் மண் ஒட்டிய மண்வெட்டி இருந்ததால் அவரைப் போலீசார் அழைத்துச் சென்றுவிட்டார்கள். இதை நான் முகாமில் கேள்விப்பட்டு, அம்மாவிடம் சொல்லி, பத்தரை மணிக்கு அவருடன் காவல் நிலையத்துக்கு வந்தேன். மேசையில் மண்வெட்டியும் விசிலும் அடையாளச் சீட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மூன்று மணி நேரமாக அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என்னைக் கண்டதும், "நீ எதுக்கு வந்தே? போ, போய் ஓடு கழுவு" என்று அதட்டினார்.

நான் தோண்டியதாகச் சொன்னதை ஆய்வாளர் நம்பவில்லை. "யாரு பாப்பா சொல்லிக் குடுத்து அனுப்பினா?" என்றார்.

"யாரும் இல்ல சார். குழிக்கு அடியில என் பேரு இருக்கு" என்றேன்.

அதன் பிறகு எல்லாரும் ஜீப்பில் சென்றோம். காவலர் ஒருவர் மண்வெட்டியை ஓங்கியதும் நான் கத்திவிட்டேன். "சரி, நீயே எடு" என்றார் ஆய்வாளர். நான் குப்புறப் படுத்துக் கொத்துக்கரண்டியால் பாதிக் குழியை மட்டும் சுரண்டினேன். என் பழைய சுவரைத் தொட்டதும் நிரப்பிய மண் தானாக உரிந்து விழுந்தது. உள்ளே சுவர் ஞாயிற்றுக்கிழமை விட்டபடியே நின்றது! "மூச்சு விடுடி" என்றார் அம்மா. சற்று நேரத்தில் ஆய்வாளரும் மண்டியிட்டுவிட்டார். தூரிகையை அவரிடம் கொடுத்தேன். "வருது, வருது, மூடி தெரியுது!" என்று அவர்தான் முதலில் கூவினார்.

சீட்டை அவரே உரக்கப் படித்தார். என் பெயர், ஞாயிற்றுக்கிழமைத் தேதி, "இதற்கு மேல் உள்ள மண் நான் கலைத்தது. இதற்குக் கீழ் நான் தோண்டவில்லை. எதுவும் கிடைக்கவில்லை."

விசில் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணில் தூசி என்றார். அங்கே அப்போது காற்றே இல்லை.

இயக்குநர் புகாரைத் திரும்பப் பெற்றார். பிறகு தூக்குக்குண்டு விட்டுச் சுவரைப் பார்த்து, "வடக்குச் சுவர் அரை விரல் சாஞ்சிருக்கு" என்றார். கிழக்கு எப்படி என்று கேட்டேன். "கிழக்கு நேரா இருக்கு. ஆனா அனுமதியில்லாம தோண்டினே. நாளைக்குத் தேர்வுக்கு வராதே, அடுத்த வருஷம் வா" என்றார். அடுத்த வருடத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் நாள்தான் இருக்கிறது.

மேலே எழுதியவை என் கையால் செய்தவை, என் கண்ணால் கண்டவை. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. விசில் மாமாவுக்கு விசிலைத் திருப்பிக் கொடுத்ததை நேரில் பார்த்த பிறகே கையொப்பமிடுகிறேன். ஒரு வேண்டுகோள். புட்டியைச் சாட்சிப் பொருளாக நிலையத்திலேயே வைத்துவிடாமல், குழியை மூடும்போது திரும்ப அடியில் வைக்க வேண்டும். சீட்டில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். இன்றைய தேதியில் இதே குழி இரண்டாம் முறை தோண்டப்பட்டது. தோண்டியவர்கள்: நானும் காவல் ஆய்வாளரும்.

(கையொப்பம்)